விலைச்சீட்டு கட்டிய கருவேலம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடுகிற இடத்தில் கடைசி வரிசையில் நின்றே பழகியவன். டெக்சாஸின் ஃபிரிஸ்கோ ஊரில் என் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட, யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவனுக்குக் கட்டுரை எதற்கு என்று யாருக்காவது தோன்றினால் அது நியாயம்தான். அமெரிக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையத் தெரிந்தவர்கள். எனக்குத் தெரிந்தது வாசல் கூட்டுவதும், செடிக்குத் தண்ணீர் விடுவதும், களை பிடுங்குவதும்தான். அந்த மட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிகப்பிரசங்கம் என்று பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது அதே டெக்சாஸின் மேற்கே, எல் பாசோ போகிற சாலையில் ஒரு சின்ன ஊர். பாலைவனப் பகுதி. இங்கே நர்சரிக்குப் போகிறபோதெல்லாம் ஓர் இடத்தில் என் கால் தானாக நின்றுவிடும். கறுப்புத் தொட்டிகளில் வரிசையாக மரக்கன்றுகள் வைத்திருப்பார்கள். அதில் ஒரு வரிசை சீமைக்கருவேலம். ஒவ்வொன்றின் கழுத்திலும் விலைச்சீட்டு. எவ்வளவு வெயில் வேண்டும், முதல் கோடைக்கு எப்படித் தண்ணீர் விட வேண்டும் என்று பக்கத்தில் ஓர் அட்டை வேறு. ஒருநாள் தொப்பி போட்ட அம்மா ஒருவர் அதில் ஒன்றைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "பியூட்டிஃபுல், இல்லையா?" என்கிற மாதிரி ஏதோ கேட்டார். "எஸ், எஸ்" என்று தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் கமுதிப் பக்கம். கண்மாய், வயல், சுடுகாடு, பள்ளிக்கூட மைதானம் என்று எதையும் விடாமல் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும். வெட்டினால் தூரிலிருந்து பத்தாகத் தழையும். எரித்தாலும் வரும். மழை இல்லாத வருடங்களில் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மூட்டத்துக்குப் போனதால் நான் பத்தாவது வரை போக முடிந்தது. அந்த வேலையில் அவர் காலில் ஏறிய முள் சீழ் பிடித்து, இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் சாய்ந்துதான் நடப்பார். சோறு போட்டதும் அந்த மரம், காலை வாங்கியதும் அந்த மரம். அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி கட்டிப் போகும்போதுகூட, வழியில் ஒரு கருவேலங்கன்று தலை நீட்டினால் குனிந்து பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் போவோம். முக்கியமாக வாசலில் விடமாட்டோம். வாசலில் கருவேலம் நின்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

இந்தக் கைப்பழக்கம் இங்கே என்னை முதல் வாரமே மாட்டிவிட்டது. தங்கச்சி எழுதிப் போட்ட விசா பல வருடம் கழித்துத்தான் வந்தது. வந்த புதிதில் ஃபிரிஸ்கோவில் அவள் வீட்டில் இருந்தோம். அங்கே வீட்டைச் சுற்றிப் புல். அது ஓரிடத்தில் பழுப்பேறினாலும் குடியிருப்பு அசோசியேஷன்காரர்கள் கடிதம் போட்டுவிடுவார்கள். தின்ன மாடும் இல்லை, படுக்க ஆளும் இல்லை, ஆனாலும் அந்தப் புல்லுக்கு அப்படி ஓர் உபசாரம். பிறகு தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தெரிந்த குஜராத்தி ஒருவரின் மோட்டலில் எனக்குப் பராமரிப்பு வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தோம். வாசலைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் சரளைக்கல் பரப்பியிருந்தது. நடுநடுவே கருவேலங்கன்றுகள். என் நல்லநேரம், முதல் வாரத்திலேயே வேலையைக் காட்டலாம் என்று கடப்பாரை போட்டு அத்தனையையும் வேரோடு தோண்டிக் குவித்துவிட்டு, முதலாளியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒவ்வொரு கன்றுக்கும் சொட்டுநீர்க் குழாய் போயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஆள் வைத்து, பணம் கொடுத்து, அப்போதுதான் நட்டிருக்கிறார்கள். முதலாளி கொஞ்ச நேரம் குவியலைப் பார்த்தார், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "உன் ஊரில் மரமே கிடையாதா?" என்று இந்தி கலந்த ஆங்கிலத்தில் கேட்டார். இருக்கிறது, அதனால்தான் பிடுங்கினேன் என்று சொல்ல எனக்கு அந்த இரண்டு மொழியும் போதவில்லை. மறுபடி நட்டார்கள். அவற்றுக்குத் தண்ணீர் விட்டு வளர்க்கிற பொறுப்பை என்னிடமே கொடுத்தார்.

இதை இங்கே மெஸ்கீட் என்கிறார்கள். இதுவும் நம்முடையதும் ஒரே மரம் இல்லை, அண்ணன் தம்பி மாதிரி என்று என் மகள் காவியா போனில் தேடிப் படித்துச் சொன்னாள். நம்முடையது வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். இது பனிக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்று, வெயில் வந்த பிறகுதான் தளிர்க்கும். மற்றபடி அதே முள், அதே காய், அதே முரட்டுத்தனம். இங்கே வந்து எழுதுகிற பலரும் பச்சைப் பசேல் என்ற ஊரை விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார்கள். நான் காய்ந்த மண்ணிலிருந்து காய்ந்த மண்ணுக்கு வந்தவன். இங்கே நெருஞ்சி முள்கூட இருக்கிறது.

நாங்கள் வாங்கிய சின்ன வீட்டின் வாசலிலும் ஒரு பெரிய மெஸ்கீட் நிற்கிறது. வீடு பார்க்கப் போன அன்றே என் மனைவி செல்வி காரை விட்டு இறங்கவில்லை. "குடியிருக்க வீடா இது? பேய் வீடால்ல இருக்கு" என்றாள். அப்புறம் வெட்டிவிடலாம் என்று சமாதானம் சொல்லித்தான் குடி வந்தோம். சொன்னதோடு சரி. ஒவ்வொரு முறை அவள் வாசல் தெளிக்கப் போகும்போதும் அந்த மரத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்ப்பாள். தண்ணீர் தெளிப்பதும் இங்கே லேசில்லை. இன்ன கிழமைதான் வாசலில் தண்ணீர் விடலாம் என்று நகராட்சி சட்டம் போட்டிருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீரோடு அவள் சரளைக்கல்லில் நிற்பதைப் பார்த்து, தபால்காரர், "அங்கே செடி ஒன்றும் இல்லையே அம்மா" என்று கரிசனமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருடம் மிளகாய் எடுத்து முடித்த கையோடு அண்ணன் முதல் தடவையாக அமெரிக்கா வந்தார். தங்கச்சி பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் வந்தது ஊர் பார்க்க மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்து நிலத்தையெல்லாம் ஒரு சோலார் கம்பெனி வாங்குகிறது. அண்ணனுக்கு இனி வெள்ளாமை செய்யக் கால் ஒத்துழைக்காது. அவர் மகன் திருப்பூரில் இருக்கிறான். நிலத்தையும் அதை ஒட்டிய அப்பா வீட்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கம்பெனி எடுக்கும். வீட்டில் பாதி என் பங்கு. நான் சரி சொல்லாமல் இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தேன். கூரை இறங்கிவிட்ட வீடுதான். அதில் போய் நான் குடியிருக்கப் போவதில்லை என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் இந்த மோட்டலில் யாராவது அதட்டும்போது, எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது, நினைத்தால் போய்விடுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அதையும் கொடுத்துவிட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. போனில் கேட்டபோதெல்லாம் "பாப்போம்ணே" என்று தப்பித்துவிட்டேன். நேரில் வந்து கேட்டால் எப்படித் தப்பிப்பது?

செல்விக்கு வேறு கவலை. "மச்சான் வாரதுக்குள்ள அந்தக் கருவேலத்த வெட்டிப் போடுங்க. வாசல்ல இத வச்சுக்கிட்டு அவுக மூஞ்சியில எப்படி முழிக்கிறது? இதுக்கா கப்பலேறிப் போனாகன்னு ஊருல சொல்ல மாட்டாகளா?" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மரம் இன்னும் தளிர்க்கவில்லை, மொட்டையாக நின்றது. எங்கள் பக்கத்துக் கிளைகளை அறுத்துத் தள்ளிவிட்டு ஏணியை மறுபக்கம் சாய்த்தபோது, பக்கத்து வீட்டு ரோசா அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். மெக்சிகோ வழி வந்தவர், தனியாக இருக்கிறார். கோடையில் பிற்பகலில் இந்த மரத்து நிழல் சாய்ந்து அவர் சமையலறை ஜன்னலை மூடும். காய் பழுத்து விழும்போது வாளி கொண்டுவந்து பொறுக்கிப் போவார். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

"நாட் டெட்! நாட் டெட், மிஸ்டர்!" என்றார். மரம் செத்துவிட்டது என்று நினைத்துத்தான் நான் வெட்டுகிறேன் என்று எண்ணிக்கொண்டார். நகத்தால் பட்டையைக் கீறி உள்ளே இருந்த பச்சையைக் காட்டினார். "லுக். வெய்ட், லிட்டில் வெய்ட்." கையைக் குவித்து விரித்து இலை வரப்போகிறது என்று நடித்தும் காட்டினார்.

"ஐ நோ, ஐ நோ" என்றேன்.

அவருக்குக் குழப்பமாகிவிட்டது. உயிர் இருப்பது தெரியும் என்கிறான், அப்புறம் ஏன் வெட்டுகிறான்? நான் என்ன சொல்வேன்? இது சாகாது என்பதுதானே அம்மா எங்களுடைய குறையே. எங்கள் கண்மாயைக் குடித்தது, அண்ணன் காலைத் தின்றது, இதற்குச் சாவு கிடையாது என்று எனக்குத் தமிழில்கூடக் கோவையாகச் சொல்ல வராது. ஏணியில் நின்றபடி "சாரி, சாரி" என்று மட்டும் சொன்னேன். அவர் கண் கலங்கியது. நான் இறங்கி, ரம்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

செல்வி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். "என்ன, அந்தம்மா ஒரு அதட்டுப் போட்டதும் வந்துட்டீகளா?"

"அதட்டல. அழுகுது."

"நானுந்தான் குடி வந்த நாளா அழுகுறேன். எனக்காக எறக்கி வச்சீகளா எதையாச்சும்?"

மரம் ஒரு பக்கம் மூளியாகவும் மறுபக்கம் முழுசாகவும் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு நான் ஃபிரிஸ்கோவுக்கு அண்ணனைக் கூட்டிவரப் போனேன்.

திரும்பி வரும் பயணம் நாள் முழுக்கக் காரில்தான். தங்கச்சி வீட்டுப் புல்லையும் அந்தத் தெருவின் ஒழுங்கையும் பார்த்த மயக்கத்தில் அண்ணன் ஆரம்பத்தில் பேசிக்கொண்டே வந்தார். "புல்லுக்குப் போயி எவ்வளவு தண்ணிடா! நம்மூருல இந்தத் தண்ணிக்கு ஒரு போகம் எடுத்துரலாம்" என்றார். ஊர்கள் குறைந்து வெட்டவெளி தொடங்கியதும் பேச்சு நின்றது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின தூரம் வரை கருவேலம். நடுவே எண்ணெய் எடுக்கிற இயந்திரங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் வயல் வயலாகச் சோலார் தகடுகள். என் வாசலில் நிற்கிற ஒரு மரத்தை மறைக்கப் பாடுபட்ட நான், இந்தச் சாலையை மறந்தே போயிருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அண்ணன் கேட்டார். "ஏண்டா தம்பி, ப்ளேனு சுத்திச் சுத்தி நம்ம ஊருலயே எறக்கி விட்டுருச்சா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பரமக்குடி ரோட்டுல போற மாதிரியே இருக்கு. டீக்கடைதான் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் கண் முதலில் போனது மரத்தின் மேல்தான். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "வாங்க மச்சான்" என்றாள். அவர் மரத்தைச் சுற்றி ஒரு தடவை சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

"இத எவன் இப்படி மூளியாக்கி வச்சது?"

"நான்தாண்ணே. பக்கத்து வீட்டம்மா வெட்ட வேணாம்னுருச்சு."

"கருவேலத்த வெட்டாதன்னு சொல்ற பொம்பளைய நான் கண்டிப்பாப் பாக்கணும்டா" என்றார். "ஏத்தா செல்வி, நம்மூரு முள்ளே உங்களுக்கு முன்னாடி விசா வாங்கி வந்துருச்சு போல." செல்வியும் அப்போது சிரித்துவிட்டாள். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்ததும் சன்னமாகச் சொன்னார்: "இதுக்காடா இவ்வளவு தூரம் வந்த?"

மறுநாள் ரோசா அம்மாவே வந்தார். விருந்தாளி வந்திருப்பதைப் பார்த்து, தட்டு நிறைய பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். மெஸ்கீட் காயை அரைத்த மாவில் செய்தது என்று காவியா சொன்னாள். "ஆட்டுக்குப் போடுற நெத்துல பலகாரமா!" என்று அண்ணன் ஒன்றை எடுத்து முகர்ந்தார். கடித்தார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். "இனிப்பாத்தான் இருக்கு. ஆடு சும்மாவா திங்குது." ரோசா அம்மா மரத்தைக் காட்டி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அண்ணன் வணக்கம் என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிட்டு, "கவலப்படாதீக தாயி, முள்ளு ஒங்க பக்கமும் வந்து தொந்தரவு பண்ணுதோ? தூரோட தோண்டிருவோம்" என்றார். ரோசா அம்மாவுக்கு அந்தக் குரலில் இருந்த பரிவு மட்டும் கேட்டது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு "தேங்க் யூ, தேங்க் யூ" என்று உருகிப்போய்விட்டார். இரண்டு பேருக்கும் மனசு நிறைந்துவிட்டது. நடுவில் நின்ற நான் யாருக்கும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. காவியா என் காதோரம், "அப்பா, ஜஸ்ட் டெல் தெம்" என்றாள். நான் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எத்தனையோ விஷயங்களில் நான் இப்படித்தான். அண்ணன் தங்கியிருந்த நாட்களில் மோட்டலுக்குக் கூட்டிப் போனேன், கடைக்குக் கூட்டிப் போனேன், அப்பா வீட்டுப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டேன். அவரும் கேட்கவில்லை. அவர் ஃபிரிஸ்கோ திரும்புவதற்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், காற்று புழுதியை அள்ளி வீசி ஓய்ந்திருந்தது. வாசல் சரளைக்கல்லில் நான் குனிந்து நெருஞ்சி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் அப்போது விடிந்திருக்கும். அண்ணன் மகன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். அண்ணன் போனில் வீடியோவில் கூப்பிட்டு, "சித்தப்பா, ஒங்க பங்கப் பாக்குறீகளா?" என்று போனைத் திருப்பினான். முற்றம் தெரியவில்லை. நான் படுத்துத் தூங்கிய அறையின் தரையைப் பிளந்துகொண்டு கருவேலம் எழும்பி, கூரை இல்லாத இடத்தில் விரிந்திருந்தது. காலை வெயிலில் பளபளவென்று அத்தனை பச்சை. அதன் ஊடே என் பழைய கதவின் நிலை மட்டும் நின்றது. நான் போனை வாங்கி அணைத்துவிட்டேன்.

"பாத்தியா?" என்றார் அண்ணன்.

"ம்."

"ஆளில்லாத வீடுன்னு அங்க ஒன் வாசல்ல இது நிக்குது. சரி, ஆளு அமெரிக்காவுல இருக்கான்னு நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இங்க வந்து பாத்தா இங்கயும் ஒன் வாசல்ல நிக்குது." மரத்தில் கையை ஊன்றி எழுந்தார். "அப்ப நீ எங்கதாண்டா இருக்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். கையில் இருந்த நெருஞ்சி குத்துவதுகூட எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. "இத வேணா வெட்டிடுறேண்ணே" என்றேன்.

"வெட்டி? தூருல இருந்து பத்தாத் தழையும். அத நான் ஒனக்குச் சொல்லணுமாக்கும்." மூளியான பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். அறுத்த இடத்துக்குக் கீழேயே பச்சைப் புள்ளிகள் வெடித்திருந்தன. "இது கெடக்கட்டும். அந்தம்மா பாவம், கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. என்னமோ கேட்டுச்சு, நானும் என்னமோ சொல்லிட்டேன்." அப்படியானால் அந்தம்மா கும்பிட்டது மரத்துக்காக என்று அவருக்கும் புரிந்துதான் இருந்திருக்கிறது. பிறகு சொன்னார். "அங்க உள்ளத ஜேசிபி வச்சுத் தோண்டிருவோம். கம்பெனிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். என்னால இனிமே அந்த மண்ணோட மல்லுக்கட்ட முடியாதுடா. நீ சொன்னாத்தான் ஆகும். சொல்லு."

உள்ளே செல்வி தாளிக்கும் சத்தம் நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள் போல.

"சரிண்ணே. பண்ணிருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியை மடக்கிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து உள்ளே போய்விட்டார். வந்த காரியம் முடிந்த மனிதரைப் போல இல்லை. நான் வாசலிலேயே நின்றேன். பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. எங்கள் ஊரில் ஆளில்லாத என் வீட்டில் அந்த மரம் நிறைந்து பச்சையாக நின்றுகொண்டிருந்தது, இன்னும் ஒரு பொழுதுக்கு. ஆளிருக்கிற இந்த வீட்டில் அதன் தம்பி பாதி உடம்போடு நின்றது. எது ஆளுள்ள வீடு என்று அண்ணன் கேட்ட மாதிரி யாராவது மறுபடி கேட்டால், நான் எந்த வாசலைக் கைகாட்டுவேன் என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அங்கே ஜேசிபி வந்து இடத்தைச் சுத்தம் செய்தது. இங்கே நகராட்சி வண்டி வந்து நான் வெட்டிப் போட்ட கிளைகளை ஏற்றிப் போனது. எனக்கு வேலை நாள். மோட்டல் வாசலில் ஒரு கருவேலங்கன்றுக்குச் சொட்டுநீர்க் குழாய் அடைத்திருந்தது. கழற்றி ஊதி, மறுபடி மாட்டினேன்.